ஜேம்ஸ் பாண்ட் நடிகர்களை ருசி பார்க்கும் முறை

குன்னூரில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் மலை ரயில் நின்றுவிடும். பர்லியாறு வழியில் எங்கேனும் மண் சரியும். வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்குத் தேநீரும் வாக்குவாதமும் மட்டுமே மிஞ்சும். எங்கள் வீட்டில் அந்த வாக்குவாதம் பல ஆண்டுகளாக ஒரே கேள்வியைச் சுற்றி நடந்தது: ஜேம்ஸ் பாண்டாக நடித்தவர்களில் எவர் உயர்ந்தவர்? பெரியப்பா ஷான் கானரியை விட்டுக்கொடுக்க மாட்டார். அப்பாவுக்கு ரோஜர் மூர். எனக்கு பியர்ஸ் பிராஸ்னன். தம்பி மகனுக்கு டேனியல் கிரெய்க். நால்வருமே தாம் முதன்முதலில் திரையில் கண்டவருக்காகத்தான் தொண்டை வற்றப் பேசினோம் என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் விளங்கியது.

பெரியப்பா தேயிலைத் தரகு நிறுவனம் ஒன்றின் ருசி பார்க்கும் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த அறையின் நீண்ட மேடையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே எடைத் தூள், ஒரே கொதிநீர், ஒரே நிமிடக் கணக்கு. அதன் பிறகே ருசி பார்ப்பவர் கரண்டியால் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். ஒரு மழைநாளில் என் வாதத்தை முழுவதும் கேட்டுவிட்டு அவர், "தம்பி, ஒரு கிண்ணத்துல பால் ஊத்திட்ட, இன்னொண்ணுல வெறும் டிகாஷன் வச்சிருக்க. இப்ப எது நல்ல தூள்னு என்னக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார். இங்கே நான் எழுதுவது அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்த முறைதான்: படத்தையும் படத்தையும் ஒப்பிடாமல், மற்றவை எல்லாம் கூடியவரை ஒன்றாக இருக்கும் இடங்களைத் தேடி, அங்கே நடிகரை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

முதலில் கிண்ணங்களை அடுக்கிக்கொள்ள வேண்டும். 1962 முதல் 2021 வரை வெளிவந்த முதன்மை வரிசையில் 25 படங்கள் உள்ளன. ஸ்காட்லாந்துக்காரரான கானரி அவற்றில் ஆறு, ஆஸ்திரேலியரான ஜார்ஜ் லேசன்பி ஒன்றே ஒன்று, மூர் ஏழு, வேல்ஸில் பிறந்த டிமோதி டால்டன் இரண்டு, அயர்லாந்தின் பிராஸ்னன் நான்கு, கிரெய்க் ஐந்து. வரிசைக்கு வெளியே கானரி 1983-இல் இன்னொன்றிலும் நடித்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1954-இலேயே பேரி நெல்சனும், 1967-இல் வந்த கேலிப் படத்தில் டேவிட் நிவனும் இந்த வேடத்தை ஏற்றிருக்கிறார்கள். அவர்களைத் தனியே வைத்துக்கொள்ளலாம். 'தென்னக ஜேம்ஸ் பாண்ட்' என்று நாம் கொண்டாடிய ஜெய்சங்கரையும் இந்த மேடையில் சேர்க்க முடியாது. அந்தப் பட்டம் அவருடைய பாணிக்குக் கிடைத்தது. அவர் ஏற்றவை வேறு வேடங்கள்.

வயதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பலர் இதில் தடுமாறுகிறார்கள். கானரிக்குப் பின் வந்த மூர் அவரைவிட மூத்தவர், 1927-இல் பிறந்தவர். தத்தம் முதல் பாண்ட் படம் வெளியானபோது கானரிக்கு 32 வயது, மூருக்கு 45, டால்டனுக்கு 41, பிராஸ்னனுக்கு 42, கிரெய்க்குக்கு 38. கடைசிப் படத்தில் மூருக்கு 57. 57 வயது மனிதரின் ஓட்டத்தை 32 வயதுக்காரரின் ஓட்டத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது வயதைப் பற்றிய தீர்ப்பே தவிர நடிப்பைப் பற்றியது அன்று.

அடுத்ததாக, நடிகருக்குச் சேராததைக் கழிக்க வேண்டும். «தி ஸ்பை ஹூ லவ்டு மீ» படத்தின் தொடக்கத்தில் பனிமலையின் விளிம்பிலிருந்து பாய்ந்து பாராசூட்டை விரித்தவர் ரிக் சில்வெஸ்டர் என்னும் சாகசக் கலைஞர். «கோல்டன் ஐ» தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து அணைக்கட்டிலிருந்து கயிற்றில் குதித்தவர் வெய்ன் மைக்கேல்ஸ். முதல் மூன்று படங்களின் தொடக்கத்தில் துப்பாக்கிக் குழலுக்குள் நடந்து வந்து சுடுகிறவர்கூடக் கானரி அல்லர். பாப் சிம்மன்ஸ் என்ற சண்டைக் கலைஞர். குரலிலும் இதே எச்சரிக்கை தேவை. லேசன்பியின் படத்தில் பாண்ட் ஒரு குலமரபு ஆய்வாளராக வேடமிட்டுச் செல்லும் பெரும் பகுதியில் கேட்பது ஜார்ஜ் பேக்கர் என்ற வேறொரு நடிகரின் குரல். 'லேசன்பியின் குரலில் என்னவோ ஒட்டவில்லை' என்று நான் நெடுங்காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒட்டாததற்குக் காரணம் அதுதான். தமிழில் மொழிமாற்றம் செய்த பிரதியைக் கேட்டு நடிகரின் குரலுக்கு மதிப்பெண் போடுவதும் இவ்வாறே பிழையாகும். மொழிமாற்றம் பொழுதுபோக்கிற்கு ஏற்றது. ருசி பார்ப்பதற்கு மூலக்குரலும் வசன வரியும் வேண்டும். பிரதியையும் சரிபார்க்க வேண்டும்: 2015-இல் «ஸ்பெக்டர்» இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது தணிக்கையாளர்கள் முத்தக் காட்சிகளின் நீளத்தைக் குறைத்தார்கள். அந்தப் பிரதியை மட்டும் பார்த்தவர் கிரெய்க்குக்குக் காதல் வரவில்லை என்று சொன்னால், பழி கிரெய்க்கைச் சேராது.

இவ்வளவும் கழித்த பிறகு, தண்ணீர் ஒன்றாக இருக்கும் இடங்களைத் தேட வேண்டும். முதல் வழி, ஒரே இயக்குநர் இரண்டு நடிகர்களை இயக்கிய படங்கள். இந்த வரிசையில் அதற்குப் பஞ்சமே இல்லை. லூயிஸ் கில்பர்ட் 1967-இல் கானரியை வைத்து «யூ ஒன்லி லிவ் ட்வைஸ்» எடுத்தார். 1977-இல் மூரை வைத்து «தி ஸ்பை ஹூ லவ்டு மீ» எடுத்தார். முன்னதில் விண்கலத்தை விழுங்கும் விண்கலம், பின்னதில் நீர்மூழ்கிக் கப்பலை விழுங்கும் எண்ணெய்க் கப்பல். கதையின் எலும்புக்கூடும் ஏறத்தாழ ஒன்றே. கானரி அதில் கடமைக்கு வந்து நிற்பவர்போல் எனக்குத் தோன்றுகிறார். மூரோ இந்த அபத்தம் முழுவதையும் தாம் நன்றாக அறிவோம் என்பதைப் புருவத்தில் காட்டிக்கொண்டே கதைக்குள் நிற்கிறார். கானரியே எல்லாக் காலத்திலும் மேல் என்ற பெரியப்பாவின் கட்சி முதன்முதலில் ஆட்டம் கண்டது இந்த இணையில்தான்.

இதைவிடக் கூர்மையான இணை ஜான் க்ளென் இயக்கியவற்றில் கிடைக்கும். அவர் மூரை வைத்து மூன்று படங்களும் டால்டனை வைத்து இரண்டு படங்களும் எடுத்தவர். 1981-இல் வந்த «ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி» படத்தில், தன் கூட்டாளியைக் கொன்றவனின் கார் மலைவிளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருக்கிறது. கொலையாளி விட்டுச்சென்ற புறாச் சின்னத்தை மூர் காருக்குள் வீசுகிறார், கார் தள்ளாடுகிறது, பின்பு காலால் ஓங்கி உதைத்து அதைப் பள்ளத்தில் தள்ளுகிறார். தம் பாண்டுக்கு இவ்வளவு ஈரமின்மை பொருந்தாது என்று மூர் தயங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தயக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உதைக்கு முன்னும் பின்னும் அவர் முகத்தை நிறுத்திப் பாருங்கள்: உதைக்கும் வரை கண்ணில் சிரிப்பில்லை, உதைத்த பின் ஒரு நகைச்சுவை வரி வந்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிடுகிறது. இதற்குப் பக்கத்தில் 1987-இன் «தி லிவிங் டேலைட்ஸ்» படத்தை வையுங்கள். வியன்னாவின் கேளிக்கைப் பூங்காவில் கூட்டாளி கண்ணாடிக் கதவில் சிக்கிச் சாகிறார். கொலையாளி விட்டுச்சென்ற பலூன் ஒன்று டால்டனை நோக்கி உருண்டு வருகிறது. அதில் எழுதியிருப்பதைப் படித்தவுடன் அவர் அதைக் கையால் நசுக்கி வெடிக்கவைக்கிறார். அதற்குப் பின் நகைச்சுவை வரி எதுவும் இல்லை. இரண்டிலும் இயக்குநர் ஒருவரே, கூட்டாளியின் சாவும் கொலையாளியின் அடையாளப் பொருளும் உண்டு. வேறுபடுவது பெரும்பாலும் முகம்தான். டால்டனின் படங்கள் போதிய சிரிப்பில்லாதவை என்று பலரும் ஒதுக்குகிறார்கள். இந்த இரண்டு நிமிடங்களை அடுத்தடுத்துப் பார்த்த பிறகு, அந்தக் குறையே அவருடைய தேர்வு என்று நான் நினைக்கத் தொடங்கினேன்.

மூன்றாவது இணை மார்ட்டின் கேம்பெல் இயக்கியவை. 1995-இல் பிராஸ்னனையும் 2006-இல் கிரெய்க்கையும் அறிமுகப்படுத்தியவர் அவரே. இரண்டிலும் சுவர் உடைகிறது. «கோல்டன் ஐ» படத்தில் பிராஸ்னன் ராணுவ டாங்கியால் சுவரை இடித்து வெளியே வருகிறார். அந்த ஓட்டத்தின் நடுவே டையை நிதானமாகச் சரிசெய்கிறார். «கேசினோ ராயல்» படத்தில் துரத்தப்படுகிறவன் குறுகிய இடைவெளி வழியே பாம்புபோல் நுழைந்து போகிறான். பின்னால் வரும் கிரெய்க் அட்டைச் சுவரைத் தம் உடம்பால் உடைத்துக்கொண்டு போகிறார். 11 ஆண்டுகளில் ஒரே இயக்குநர் இரண்டு விதமாகக் கேட்டார் என்றும் சொல்லலாம். ஆனால் கேட்டதைக் கொடுக்க உடம்பு இடம்கொடுக்க வேண்டும். பிராஸ்னனின் உடம்பு தையற்காரருக்காக நிற்பது, கிரெய்க்கின் உடம்பு அடி வாங்குவதற்காக நிற்பது. இதே உடல்மொழியைச் சோதிக்க இன்னொரு சிறு காட்சி உண்டு: 2012-இன் «ஸ்கைஃபால்» தொடக்கத்தில், பின்பக்கம் பிய்ந்துபோன ரயில் பெட்டிக்குள் குதித்து விழுந்ததும் கிரெய்க் சட்டைக் கையின் நுனியை இழுத்துவிடுகிறார். பிராஸ்னன் டையைத் தொடும்போது பார்வையாளரைத் தொடுகிறார். கிரெய்க் சட்டை நுனியை இழுக்கும்போது எவரையும் பார்ப்பதில்லை.

தண்ணீரை ஒன்றாக்கும் இரண்டாம் வழி, எதிரே நிற்பவரை மாற்றாமல் வைப்பது. கருவிகள் தரும் கியூவாக டெஸ்மண்ட் லூயெலின் 1963 முதல் 1999 வரை 17 படங்களில் வந்தார். கானரி, லேசன்பி, மூர், டால்டன், பிராஸ்னன் என்று ஐவரோடும் நின்றவர் அவர். கிரெய்க் மட்டுமே அவருக்குப் பின் வந்தவர். 1964-இன் «கோல்ட்ஃபிங்கர்» படத்தில், காரின் இருக்கை ஆளைத் தூக்கி எறியும் என்று கேட்ட கானரி விளையாட்டா என்கிறார். தன் வேலையில் விளையாடுவதே இல்லை என்று கியூ விறைக்கிறார். கானரி அங்கே வகுப்பில் பின்வரிசை மாணவர். மூர் அந்த அறைக்குள் உறவினர் வீட்டுக்கு வந்தவர்போல் உலவுகிறார். 1989-இன் «லைசென்ஸ் டு கில்» படத்தில் கியூ விடுப்பு எடுத்துக்கொண்டு தாமாகவே களத்துக்கு உதவி செய்ய வருகிறார்; டால்டன் அவரைத் திருப்பி அனுப்பப் பார்க்கும்போது அதில் கிண்டலைவிடக் கவலை மிகுதி. 1999-இல் பிராஸ்னனிடம் விடைபெறும் காட்சியில் கியூ தரையோடு கீழே இறங்கி மறைகிறார். அந்தப் படம் வெளியான சில வாரங்களில் லூயெலின் சாலை விபத்தில் காலமானார் என்பதை அறிந்து பார்ப்பவருக்கு அக்காட்சி கனக்கும். அந்தக் கனம் பிராஸ்னனின் சம்பாத்தியம் ஆகாது, ஆனால் கியூவைப் பார்த்தபடி அவர் காக்கும் மௌனம் அவருடையதே.

இதேபோல் 'எம்' (M) என்று அழைக்கப்படும் பாண்டின் மேலதிகாரி வேடத்தில் பெர்னார்ட் லீ முதல் மூவரோடும், ஜூடி டென்ச் கடைசி இருவரோடும் நடித்திருக்கிறார்கள். டென்ச்சின் முன் பிராஸ்னன் கண்டிக்கப்படும் ஊழியர், கிரெய்க் கண்டிக்கப்படும் பிள்ளை. இதற்குமேல் அங்கே நீட்ட ஒன்றுமில்லை.

மூன்றாம் வழி இடத்தை மாற்றாமல் வைப்பது. குன்னூர்க்காரர்களுக்கு ரயில் பெட்டியின் நெருக்கத்தை விளக்க வேண்டியதில்லை. முழங்காலோடு முழங்கால் இடிக்க அமர்ந்து உதகைக்குப் போய் வந்தவர்கள் நாம். அந்த நெருக்கத்துக்குள் பாண்ட் நான்கு முறை உயிருக்குப் போராடுகிறார். 1963-இல் கானரி, ராபர்ட் ஷா நடித்த கொலையாளியோடு ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் மோதுகிறார். விளக்கு உடைந்து நீல ஒளி மட்டும் மிஞ்ச, இசையும் அடங்கி, மூச்சும் மரப்பலகை அதிர்வும் கேட்கின்றன. கொன்று முடித்ததும் கானரி, தன்னிடமிருந்து எடுத்த பணத்தைச் செத்தவனின் பையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு, அவன் தன்னை ஏளனமாக விளித்த அதே சொல்லால் அவனை விளிக்கிறார். 1973-இல் மூர் இரும்புக் கை கொண்டவனின் கைக்கம்பிகளை வெட்டிச் சன்னலில் தொங்கவிட்டு வெளியே தள்ளுகிறார். 1977-இல் அதே மூர் இரும்புப் பல்லுக்கு மின்சாரம் பாய்ச்சி வெளியே உதைக்கிறார். 2015-இல் கிரெய்க் வாய் திறவாத ஒரு மலை மனிதனிடம் பெட்டி பெட்டியாக அடி வாங்கி, கடைசியில் கயிறும் பீப்பாயும் கொண்டு தப்புகிறார்.

இந்த நான்கையும் முதல் தடவை ஒலியில்லாமல் பாருங்கள். மூர் அடிபடும்போது உடம்பு அடியை ஏற்பதில்லை என்பதும், முடிந்தவுடன் முடி கலையாத முகம் திரும்பிவிடுகிறது என்பதும் அப்போது பளிச்சென்று தெரியும். கிரெய்க்கின் சண்டையில் வலி தெரிகிறது, பயம் குறைவு. கானரியிடம்தான் இரண்டும் இருக்கின்றன. துப்பாக்கி முனையில் மண்டியிட்டிருக்கும்போதே அவர் கண் பெட்டியை அளந்துகொண்டிருக்கிறது. அப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. மூர் அப்படி அடி வாங்கியிருந்தால் அது மூராகவே இருந்திருக்காது என்றார். அது நியாயமான வாதம் என்பதால் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாம் தடவை திரையை மறைத்து ஒலியை மட்டும் கேட்கலாம். மழைக்காலத்தில் மின்சாரம் போய் மடிக்கணினியின் சார்ஜும் தீரும் தறுவாயில் நாங்கள் திரையை இருட்டாக்கி இப்படிக் கேட்டதுண்டு. டால்டனின் மேடைப் பயிற்சி அப்போதுதான் காதில் விழுந்தது.

நான்காவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே துக்கத்தை ஒவ்வொருவரும் எப்படிச் சுமக்கிறார்கள் என்று பார்ப்பது. 1969-இல் லேசன்பியின் பாண்ட் திருமணம் செய்துகொண்ட அன்றே மனைவி காரில் சுட்டுக் கொல்லப்படுகிறாள். அருகில் வந்த காவலரிடம், அவள் ஓய்வெடுக்கிறாள், அவசரமில்லை, எங்களுக்கு எவ்வளவோ காலம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவளுடைய தலைமேல் முகத்தைப் புதைக்கிறார். அதற்கு முன் நடித்துப் பழக்கமில்லாத, விளம்பரங்களில் தோன்றிக்கொண்டிருந்த மனிதர் அவர். தேர்ந்த நடிகர் அந்த வரியை ஏற்றி இறக்கிச் சொல்லியிருப்பார். இவர் ஏதும் செய்யாமல் சொல்வதால் அது நெஞ்சில் தைக்கிறது. அவருடைய படத்தைப் பார்க்காமலே அவரை ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு நிமிடத்தையாவது பார்த்துவிட்டு ஒதுக்கட்டும்.

அந்தச் சாவு பின்னும் தொடர்கிறது. 1977-இல் ரஷ்ய உளவாளிப் பெண் பாண்டின் வாழ்க்கைக் குறிப்பை ஒப்பித்துக்கொண்டே வந்து மனைவியைத் தொடும்போது, மூர் பேச்சை வெட்டுகிறார். எப்போதும் இருக்கும் சிரிப்பு அப்போது இல்லை. 1981-இல் கல்லறையில் பூவோடு நிற்கிறார். 1989-இல் நண்பனின் திருமண விருந்தில், அடுத்தது உன் கல்யாணம்தான் என்று மணமகள் விளையாடும்போது டால்டன் விலகிப் போகிறார். அவருக்கு ஒருமுறை மணமாகியிருந்தது என்று நண்பன் சொல்கிறான். கிரெய்க்குக்கு அந்த மனைவி கிடையாது. வெஸ்பர் என்ற வேறொரு பெண்ணைத்தான் அவர் இழக்கிறார். அவள் உயிரோடிருக்கும்போது, கொலையைக் கண்டு நடுங்கி உடுத்திய உடையோடு ஷவரின் கீழ் அமர்ந்திருப்பவளின் பக்கத்தில் அவரும் நனைந்தபடி அமர்கிறார். 2008-இல் அவளுடைய கழுத்துச் சங்கிலியைப் பனியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்கிறார். துக்கம் வேறு என்பதால் இது முழு ஒப்பீடு ஆகாது. குறிப்பேட்டில் தனிப் பக்கம் கொடுங்கள்.

கடைசியாக, மற்றவர்களைத் தொடாமல் ஒரே நடிகரைக் காலத்தோடு ஒப்பிட ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1965-இன் «தண்டர்பால்» கதையின் உரிமை, பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயான் ஃபிளெமிங்கோடு சேர்ந்து திரைக்கதை அமைத்த கெவின் மெக்லோரியிடமும் இருந்ததால், அதே கதை 1983-இல் «நெவர் சே நெவர் அகெய்ன்» என்று மீண்டும் எடுக்கப்பட்டது. இரண்டிலும் கானரி, இரண்டிலும் அதே ஆரோக்கிய நிலையம். முன்னதில் 35 வயது, பின்னதில் 53. அதே 1983-இல்தான் மூரின் «ஆக்டோபஸி» வந்தது. உதய்ப்பூரில் எடுத்த அந்தப் படத்தில் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பாம்பாட்டி வேடத்தில் மகுடியில் பாண்ட் இசையையே ஊதுகிறார். ஒரே ஆண்டு, ஐம்பதைத் தாண்டிய இருவர். கானரி வயதை ஒளிக்காமல் அதைக் கொண்டே சிரிக்கவைக்கிறார். மூர் புலியை உட்காரச் சொல்லி அதட்டி, வயதே இல்லாததுபோல் நடந்துபோகிறார்.

மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டாம். தேயிலை அறையிலும் கிண்ணத்துக்கு ஒரு சொல், இரண்டு சொல்தான் எழுதுவார்கள். எங்கள் குறிப்பேட்டில் பெரியப்பா டால்டனுக்கு எதிரே 'கடுப்பு, பால் தாங்கும்' என்று எழுதியிருக்கிறார்; கானரிக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அந்த ரயில் காட்சியை மறுபடியும் ஒருமுறை போடச் சொல்லியிருக்கிறார்.